காது வச்சுக் கேட்டேன்

சற்குணம் டீச்சர் ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து, "ஏத்தத்துல மூச்சு வாங்குது தவசி, இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா பின்னால பட்டு பட்டுன்னு வெடிக்குது, நேத்துக் குரங்கணி வளைவுல ஒரு மாடு மிரண்டு ஓடிப்போச்சு" என்று சொன்னதில் தவசிக்கு ஏத்தம், மூச்சு, மாடு என்ற மூன்று சொற்கள்தான் கிடைத்தன. மிச்சத்தை டீச்சரின் வாயசைவை வைத்து அவனே நிரப்பிக்கொண்டான். இருபத்தெட்டு வருஷமாகப் போடியில் வண்டி பார்க்கிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும், ஆட்கள் சொல்வதில் பாதி பயம், பாதி தப்பு, வண்டி சொல்வதுதான் நிஜம் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது இரண்டு மூன்று வருஷமாக அவனுக்குப் பழகிப்போயிருந்தது. இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லோரும் வார்த்தையைப் பாதி மென்று விழுங்குகிறார்கள், வீட்டில் வேலுத்தாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்துவிட்டு, எத்தனை தடவை சொல்றது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள், கல்யாணமான புதிதில் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு, வயதானால் பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும்போல. டீச்சர் பரவாயில்லை. முப்பத்தாறு வருஷம் வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை, முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிறவர். ஜீப் அவருடைய வீட்டுக்காரர் வைத்திருந்த பழைய பெட்ரோல் வண்டி. அவர் தவறிய பிறகு டீச்சர் தானே ஓட்டப் பழகிக்கொண்டு, மலைமேல் இருக்கும் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறார். "இருந்து எடுத்துக்கிட்டே போறேன்" என்று நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தவசிக்கு அது பிடிக்கவில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருக்க வண்டி பார்ப்பது இப்போது அவனுக்குப் பிடிப்பதில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சொல்லத் தெரியாது என்பதும் முழுக்க நிஜமில்லை.

வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சைலென்சர் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டினான். சூடான காற்று கையில் அடித்தது, அடித்தது, அடித்தது, ஒன்று விட்டுப்போயிற்று, மறுபடியும் அடித்தது. நாலு சிலிண்டர் வண்டியில் நாலு அடியும் ஒரே சீராக வரவேண்டும், இதில் ஒன்று பெட்ரோலைக் குடித்துவிட்டு எரிக்காமல் அப்படியே துப்புகிறது, மிஸ்ஸிங், அதுதான் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. கைக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, கை பொய் சொல்லாது, ஆனால் கையை நம்பத் தொடங்கியது எப்போதிலிருந்து என்ற யோசனை அதன் பின்னாலேயே வந்து நின்றது. முன்பெல்லாம் இப்படிக் குத்தவைக்க வேண்டியதே இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ரெண்டாவது சிலிண்டர் வேலை செய்யல என்பான், உள்ளேயிருந்து காசிம், இல்ல மாமா மூணு என்பான், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி நாள் இவன் சொன்னது சரியாக இருக்கும், பாதி நாள் அவன் சொன்னது. காசிம் பதினெட்டு வருஷம் இந்தப் பட்டறையில் கூட நின்றவன், மதம் வேறானாலும் ஊர்வழக்கத்துக்கு இவன் மாமா, அவன் மாப்பிள்ளை. அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெயர் நினைவுக்கு வந்ததும் கை தானாகப் பின்னுக்கு வந்தது, காற்று சுட்டுவிட்டது என்று தவசி நினைத்துக்கொண்டான், உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான். போகட்டும். கடைசி வருஷம் அவன் நடந்துகொண்ட விதம் அப்படி. வருகிற ஆட்களிடம் தணிந்த குரலில் பேசுவான், இவன் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவான், நிறுத்தினானா அல்லது பேசி முடித்தானா, அவர்கள் இவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்தார்களா, ஆமாம், சிரித்த மாதிரிதான் இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டான், என்னடா எனக்குத் தெரியாம ரகசியம் பேசுற என்று. காசிம் விழித்தான். "உனக்கு முன்னாடி நின்னுதான மாமா பேசுறேன்" என்றான். அந்தத் திகைப்பைத்தான் தவசி அப்போது நடிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

போகட்டும், வேலையைப் பார்க்கலாம். முன்னால் வந்து பானட்டைத் தூக்கினான். இடது கையை மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையில் துணியைச் சுற்றி, ஓடுகிற எஞ்சினில் முதல் பிளக்கின் வயரை இழுத்தான், வண்டி இடது கைக்குக் கீழே குலுங்கியது, சரி, முதலாவது வேலை செய்துகொண்டிருந்தது, அதனால்தான் பிடுங்கியதும் குலுங்குகிறது. திருப்பி மாட்டினான். இரண்டாவதை இழுத்தான், குலுங்கியது. மூன்றாவதை இழுத்தான், ஒன்றும் இல்லை, வண்டி முன்பு எப்படி நொண்டியதோ அப்படியே நொண்டியது. இல்லாதவனைப் பிடுங்கினால் என்ன வித்தியாசம் தெரியும். இல்ல மாமா மூணு. எஞ்சினை அணைத்து அந்தப் பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுப்பாக இருந்தது, மோந்து பார்த்தான், பச்சைப் பெட்ரோல். வேறு பிளக்கைப் போட்டும் மாறவில்லை. வயரை வளைத்து வெயிலில் காட்டியபோது மேல்தோல் ஒரு முடி கனத்துக்கு வெடித்திருந்தது, வயரில் வருகிற நெருப்பெல்லாம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இரும்பில் பாய்ந்துவிடுகிறது. பாயும்போது டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும், பல்லியைப்போல. அது கேட்டிருக்க வேண்டும். இன்று கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம், எந்நேரமும் இரைச்சல், எப்படிக் கேட்கும். இப்போது எந்த பஸ்ஸும் இல்லை, தெரு காலியாக இருந்தது என்பதையும் அவன் பார்த்தான், பார்த்துவிட்டுப் புது வயரைத் தேடி எடுத்து மாட்டினான். வண்டி எழுந்து நின்ற மாதிரி ஓடியது. சைலென்சரில் கை வைத்தால் நாலு அடியும் சீராக விழுந்தன.

"மிஸ்ஸிங் போயிருச்சு டீச்சர்."

டீச்சர் எழுந்து வந்து, ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்திவிட்டு விடச் சொல்லிக் கையால் காட்டினார். அழுத்தி விட்டான். எஞ்சின் இறங்கும்போது பின்னால் மொத்து மொத்தென்று யாரோ தலையணையை அடிக்கிற மாதிரி இரண்டு தடவை கேட்டது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டதை அவன் பார்த்தான். தலையணை அடிக்கிற சத்தத்துக்குக் காதை ஏன் பொத்த வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது, அதைத் தாண்டிப் போனான்.

வெடிப்பு இன்னும் இருக்கிறது, சரி, கார்பரேட்டராக இருக்கும், காற்று கூடியிருக்கும். திருகாணியைக் கால் சுற்று உள்ளே வைத்தான், அரைச் சுற்று வெளியே எடுத்தான், மிதவையைப் பார்த்தான், பெட்ரோல் வரத்தைப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் அழுத்தி விட்டால் அதே மொத்து மொத்து. ஒரு மணி நேரம் போயிருக்கும். வெயில் தகரத்தில் ஏறிவிட்டது. கழுத்தில் வேர்வை வழிய வழிய, கொசு இல்லாத ஊராகிவிட்டது போடி என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது, இரண்டு வருஷமாக ராத்திரியில் காதோரம் கொசு பாடியதே இல்லை, நகராட்சிக்காரர்கள் மருந்து அடிக்கிறார்கள் என்று வேலுத்தாயிடம்கூடச் சொன்னான், அவள் தன் முழங்கையில் சிவந்து தடித்திருந்ததைச் சொறிந்துகொண்டே அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது. திருகாணியை இன்னும் கால் சுற்று வைத்தான். டீச்சர் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை, தோளைத் தொட்டார்.

"தவசி, அந்தச் சீறல்தான் காரணமா இருக்குமோ?"

"எந்தச் சீறல் டீச்சர்?"

"இந்தா, இங்கதான். உஸ் உஸ்ஸுன்னு வருதே. நான் வந்ததுல இருந்து கேக்குது, நீங்க அதுக்குத்தான் வேல பாக்குறீங்கன்னு நெனச்சேன்." அவருடைய விரல் எஞ்சினின் பக்கவாட்டைக் காட்டியது, புகையெல்லாம் சேர்ந்து சைலென்சர் குழாய்க்குள் போகிற இரும்புக் கழுத்தை, மேனிபோல்டை. "நல்லாக் கேக்குதே. உங்களுக்குக் கேக்கலையா?"

தவசி குனிந்தான். மேனிபோல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்தான், அனல் கன்னத்தைச் சுட்டது, எஞ்சின் எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுவதுபோல் கும்மென்று கேட்டது, அவ்வளவுதான். மற்ற காதையும் வைத்தான். இப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் குனிந்தான். இதே இடத்தில், இதே உயரத்தில். ராசாங்கத்தின் வேன், மலைத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன், சர்வீஸ் முடிந்து நின்றிருந்தது, காசிம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "மாமா, மேனிபோல்டுல உஸ்ஸுங்குது, பேக்கிங் போயிருக்கும், பிரிச்சுருவோம்" என்றான். இவன் குனிந்து கேட்டான். ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. ராசாங்கம் முன்னால் தன்னைச் சின்னவனாக்கத்தான் இல்லாத கசிவைச் சொல்கிறான் என்று தோன்றியது, ரகசியம் பேசுகிறவன் இதையும் செய்வான் என்று தோன்றியது, தோன்றியதெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிஜம்போல ஆகிவிட்டது. "ஒண்ணும் இல்ல, வண்டிய விடு" என்றான். மறுநாள் போடிமெட்டு ஏற்றத்தில் அந்த வேனுக்குள் பதினாலு பெண்கள், குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள், கசிந்த புகை தரைத் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது, ஆறு பேர் வாந்தி எடுத்தார்கள், மூக்கம்மாள் என்ற பெண் மயங்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ராசாங்கம் பட்டறைக்கு வந்து நின்றபோது கூடவே முப்பது பேர் வந்தார்கள். யார் பார்த்த வேலை என்று கேட்டான். தவசி சொன்னான். நான் காது வச்சுக் கேட்டேன், கசிவு இல்ல. கடைசியா கை வச்சது காசிம்தான், அவன் எதையாவது கழட்டி விட்டிருப்பான். நான் காது வச்சுக் கேட்டேன். முப்பது பேர் முன்னால் அவன் அதை இரண்டு தடவை சொன்னான், பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் கொஞ்சமும் இல்லாமல் சொன்னான், பொய்யென்று தெரிந்து சொல்கிறவன் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும், யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள், இவன் குரலில் நடுக்கமே இல்லை, அதனால் எல்லோரும் நம்பினார்கள். காசிம் ஸ்பேனரைத் தகரப் பெட்டிக்குள் வைத்தான், சட்டையை மாற்றினான், வாசலில் நின்று திரும்பி ஏதோ சொன்னான், உதடு அசைந்தது, சின்ன வாக்கியம்தான், நாலைந்து வார்த்தை இருக்கும். சாபம் விடுகிறான் என்று தவசி எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு போடியில் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை, கம்பத்தில் பைபாஸ் ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறான் என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறான்.

எஞ்சினை அணைத்தான். அணைந்ததும் தகரக் கூரையும் தெருவும் டீச்சரும் எல்லாம் ஒரே பஞ்சுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது, எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது, இத்தனை நாள் இதை அமைதி என்று நினைத்திருந்தான். டார்ச்சை எடுத்து மேனிபோல்டின் அடியில் அடித்துப் பார்த்தான். மூன்றாவது சிலிண்டருக்கு நேராக, இரும்புக்கு இடையில் வைக்கிற பேக்கிங் தகடு சேருகிற இடத்தில், கசிந்த புகை மை தீட்டிய மாதிரி கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. பார்த்தவுடன் தெரிகிற கோடு. கத்துக்குட்டிகூடக் கண்டுபிடிப்பான். அந்த வழியாகத்தான், காலை எடுத்ததும், வெளிக்காற்று உள்ளே போய் எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் வெடிக்க வைக்கிறது. அந்த வேனிலும் இப்படி ஒரு கோடு இருந்திருக்கும். கட்டாயம் இருந்திருக்கும். கண் இருந்ததே, டார்ச் இருந்ததே, கை இருந்ததே, கையை ஒரு நிமிஷம் அங்கே கொண்டுபோயிருந்தால் சுட்டிருக்குமே, காதுதான் போயிற்று என்று வைத்தாலும் மற்றதெல்லாம் எங்கே போயிற்று. மாமா உஸ்ஸுங்குது என்று சொன்னவனை நம்பியிருக்கலாம், பதினெட்டு வருஷம் கூட நின்றவன், அவனும் ஒரு காதுதானே. காது போனதற்கு யாரும் இவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அது தெரிந்தபோது ஆறுதலாக இல்லை, அதற்கு மாறாக, ஒளிந்துகொள்ள அங்கே ஓர் இடம் இருப்பதையும் அதற்குள் போய் உட்காரத் தனக்கு ஆசையாக இருப்பதையும் பார்த்துப் பயந்தான்.

"டீச்சர், எனக்குக் கேக்கல."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமும் சொன்னதில்லை. டீச்சர் அவன் பார்வைக்கு நேராக வந்து நின்று, வார்த்தையை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"எத்தன நாளா?"

"தெரியல." துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தான். "தெரியும் டீச்சர். மூணு வருஷம் இருக்கும். ராசாங்கம் வேன் அன்னிக்கும் எனக்குக் கேக்கல. காசிம் கேட்டுச் சொன்னான். நான் இல்லன்னுட்டேன்."

டீச்சரின் முகம் மாறியது. "மூக்கம்மா எங்க தோட்டத்துலதான வேல செய்றா," என்றார். "இன்னைக்கும் அவளுக்கு ஏத்தம் ஏறுனா தலவலி வந்துரும். நான் காசிமத் திட்டாத நாள் இல்ல. அவன் பொண்டாட்டி ஒருநாள் வழியில பாத்துப் பேச வந்தா, நான் பேசாமப் போயிட்டேன்." அவர் வேறு எதுவோகூடச் சொன்னார், ஆனால் குனிந்துகொண்டு சொன்னதால் தவசிக்கு அது கிடைக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை. திட்டாக இருந்தால் அது தனக்கு வேண்டியதுதான் என்று நின்றான்.

மேனிபோல்டைப் பிரிக்க வேண்டும், பேக்கிங் மாற்ற வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் போட்டான். நட்டு துருப்பிடித்திருந்தது, நகரவில்லை, இன்னும் அழுத்தினால் உடைந்துவிடும், உடைந்தால் இன்னொரு வேலை. எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். ஊறுகிற நேரத்தில் என்ன செய்வது. எத்தனையோ நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்திருக்கிறான், அப்போதெல்லாம் டீக்கடைக்குப் போவான், பீடி பற்ற வைப்பான், இன்று எங்கேயும் போக முடியாது என்று தோன்றியது. கம்பம் ஒரு மணி நேரத் தூரம்தான், நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போனால் நாளை மறுநாளுக்குத் தள்ளுவான், தன்னை அவனுக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். காசிமின் எண் அதில் இருந்தது, இத்தனை நாளும் அழிக்கவில்லை. பொத்தானை அழுத்தினான். காதில் வைத்தான், மணி போகிறதா என்று தெரியவில்லை. காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான், வெயில் வெளிச்சத்தில் மங்கியது, ஆனால் பேசும் நேரத்தைக் காட்டுகிற எண்கள் ஓடத் தொடங்கியிருந்தன, காசிம் எடுத்துவிட்டான். மறுபடி காதில் வைத்தான். அங்கே யாரோ ஏதோ சொல்வதுபோல், தண்ணீருக்கடியில் சொல்வதுபோல் இருந்தது. அல்லது இல்லை. எதற்கும் காத்திருக்காமல் பேசினான், கேட்காதவர்கள் பேசுவதுபோல் சத்தமாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினான்.

"காசிம், நான் தவசி பேசுறேன். எனக்குக் காது கேக்காதுடா. நீ பேசுனா எனக்கு வராது, அதனால நான் பேசி முடிச்சிர்றேன். அந்த வேன்ல கசிவு இருந்துச்சு. நீ சொன்னது சரி. எனக்குக் கேக்கல, கேக்கலங்கிறதும் எனக்குத் தெரியல, ஆனா உன்னய நம்பியிருக்கலாம், நம்பல. முப்பது பேரு முன்னாடி ஒம்மேல பழியத் தூக்கிப் போட்டேன். ராசாங்கத்துக்கிட்டப் போயி நானே சொல்றேன், மூக்கம்மாகிட்டயும் சொல்றேன். டீக்கடையில நின்னு சொல்றேன். நீ திரும்பி வான்னு கேக்கல. எந்த மொகத்த வச்சுக் கேப்பேன். சொல்லணும்னுதான் கூப்புட்டேன்."

போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்தான், காது வலித்தது. கும்மென்ற வெறுமையைத் தவிர வேறெதுவும் வரவில்லை, அவன் திட்டுகிறானா, அழுகிறானா, முதல் வார்த்தையிலேயே வைத்துவிட்டுப் போய் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறானா, எதுவானாலும் இந்தக் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். போனை டீச்சரிடம் நீட்டினான்.

"டீச்சர், லைன்ல இருக்கானா பாருங்க."

டீச்சர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தவசி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், நெற்றிச் சுருக்கத்தை, உதட்டை. எவ்வளவோ நேரம் ஆனதுபோல் இருந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார், போனைக் கையால் பொத்திக்கொண்டு, அவனுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"லாரி போற சத்தம் கேக்குது. ஆள் பேசல." போனை மறுபடி காதில் வைத்துப் பார்த்தார். "ஆனா வைக்கல தவசி."